கண்மாய்க் கருவேலும் ஒரு கெட்ட பெயரும்

அண்ணே,

இன்று காலைக் காப்பியில் கருவேல நெற்று வாடை. ஆடு நெற்றைத் தின்றால் மறுநாள் பாலில் மணக்கும் என்பது உனக்குத் தெரியாததா? பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு டம்ளரைத் தள்ளிவிட்டாள். அதையும் நானே குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் உன்மேல் இருந்த பழைய ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அதைக் கொட்ட வேறு ஆள் இல்லாததால் உனக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளில் கண்மாய்க்குள் கருவேலங்கன்று நட்டு, காவலுக்கு உன்னைப் போட்டார்கள். கையில் ஒரு கம்பும் விசிலும்தான். கன்று ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை ஓர் ஆடும் உள்ளே வரக்கூடாது என்று தண்டோரா போட்டாய். யார் கேட்டார்கள்? ஊரே ஆட்டை ஓட்டிவிட்டது. நீ முதலில் பிடித்தது யார் ஆட்டை? புருஷனைப் பறிகொடுத்து, நாலு ஆட்டை நம்பிப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த உன் கூடப்பிறந்தவள் ஆட்டை. கொண்டுபோய், பிடிபட்ட ஆடுமாடுகளை அடைக்கிற பவுண்டில் போட்டாய். அங்கே தண்ணீர் வைக்க ஆளில்லை. மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தால், சினையாடு மாசம் நிறையாத குட்டியை வீசிவிட்டுக் கிடந்தது.

"ஊரான் ஆடெல்லாம் ஒன் கண்ணுக்குத் தெரியலையாண்ணே?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

நீ அசையவே இல்லை. "ஊரான் ஆட்டப் பிடிச்சாப் பகதான் வரும். தங்கச்சி ஆட்டப் பிடிச்சாத்தான் பயம் வரும்" என்றாய்.

பயம் வந்தது. அதற்குப் பிறகு ஒருவன் ஆடும் கண்மாய்க்குள் இறங்கவில்லை. நான் தெருமண்ணை வாரித் தூற்றி, உன் மரமெல்லாம் பட்டுப்போக என்று சாபம் விட்டேன். அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கன்றுக்கு ஊற்றுவதற்குக் கழுவின தண்ணீர் கேட்டு, வீடு வீடாகக் குடத்தோடு அலைந்தாய். என் வாசலுக்கும் வந்தாய். அரிசி கழுவின தண்ணீரை உன் கண்ணெதிரிலேயே ஆட்டுத் தொட்டியில் ஊற்றினேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

மரங்கள் பிழைத்துக்கொண்டன. கரிமூட்டம் போடுகிற வியாபாரி ஒருவர் கரையில் நின்று பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்குவார். நீ இருந்தவரை அவருடைய கோடாலி கரையைத் தாண்டவில்லை.

தொண்ணூறுகளில் காமாலை வந்து நீ போய்ச் சேர்ந்தாய். உன்னைக் குளிப்பாட்டக்கூட இல்லை, அதற்குள் அந்த வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "அவுக வளத்த மரத்துலயே அவுகள எரிக்கிறதுதான் மரியாத. சுடுகாட்டு வெறகுக்கு எந்த ஊருலயும் தடை கெடையாது" என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். இழவு விறகுக்குக் கோடாலி எடுத்தவனை மறிப்பது நம் பக்கம் பெரும் பாவம். நான் வாசலை எட்டிப் பார்த்தேன். டிராக்டர் நின்றது. அதில் கோடாலியோடு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது.

ஒப்பாரியைப் பாதியில் விட்டு எழுந்தேன். "ஒத்தப் பொணத்துக்கு எதுக்குய்யா டிராக்டரு? ஊரையே எரிக்கப் போறீகளா? எங்கண்ணனுக்கு என் அடுப்பு வெறகு போதும். கண்மாயில ஒரு கொப்பு ஒடிச்சீக, நானும் அந்தக் கட்டையில ஏறிப் படுத்துக்கிருவேன்!"

டிராக்டர் திரும்பிப் போயிற்று. என் வீட்டு வேலிக்கருவைச் சுள்ளியையும் வரட்டியையும்தான் உனக்கு அடுக்கினார்கள். சுள்ளி படபடவென்று எரிந்து அடங்கிவிட்டது. நீ வேகவில்லை. மண்ணெண்ணெய்க்குக் கடைக்கும் சுடுகாட்டுக்குமாக ஆள் ஓடியது. "அண்ணன் பொணத்துக்கு நல்ல வெறகு குடுக்காத மூதேவி" என்று என் காதுபடவே சொன்னார்கள். அன்று இரவு முழுக்க அழுதேன் அண்ணே, உனக்காகவும் எனக்காகவும்.

இப்போதும் ஊரில் சாவு விழுந்தால் யாராவது என் வாசலுக்கு வந்து, கண்மாயில் ஒரு மரம் வெட்டிக்கொள்ளலாமா என்று தலையைச் சொறிவார்கள். "கூடப்பொறந்தவனுக்கே குடுக்காதவ, ஒனக்கா குடுப்பேன்?" என்பேன். வந்த வழியே திரும்பிவிடுவார்கள். மூதேவி என்ற அந்தப் பெயரை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். நல்லவள் என்று பெயர் எடுத்தால் மறுநாளே டிராக்டர் வந்துவிடும்.