புயல் வடக்கே போகிறதாம்

சைதாப்பேட்டை

அன்பு மகள் மஹ்விஷுக்கு அத்தாவின் ஸலாம். அல்லாஹ்வின் அருளால் நானும் உன் தங்கை தூபாவும் சுகம். நீ நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போதும் ஏறி வரும்போதும் சுகமாக இருக்க வேண்டும், எங்கள் துஆ அதுதான். அறுவை செய்த கண்ணில் இன்னும் நீர் வடிவதால் நான் சொல்லச் சொல்லத் தூபா எழுதுகிறாள். பத்தாம் வகுப்பு அல்லவா, என் பேச்சையெல்லாம் திருத்தி நல்ல தமிழாக்குகிறாள், பொறுத்துக்கொள்.

போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் ஷிப்ட் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், மற்றதெல்லாம் எனக்குள்ளேயே நின்றுவிடுகிறது. போன மாத மழையின்போது, காற்றழுத்தம் இறங்குகிறது, சுரங்கத்தின் பழைய பகுதியிலிருந்து வெடிக்கக்கூடிய மீத்தேன் வாயு கூடுதலாக வரும் என்று நீ கணித்து ஆட்களை மேலே ஏற்றினாயாம், வாயு அவ்வளவு வரவில்லையாம், அன்றைய வேலை கெட்டதாம், அதிலிருந்து உன்னைத் தூஃபான் மேடம், அதாவது புயல் மேடம், என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்களாம். இதை நீ தூபாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அடுத்த முறை சந்தேகம் வந்தால் வாயைத் திறக்கமாட்டேன் என்றும் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அழுத்தம் குறைந்தால் வாயு ஏன் வரும் என்று தூபாவைக் கேட்டேன். கோலி சோடாவை எடுத்து வந்து திறந்து காட்டினாள், நுரை என் லுங்கியெல்லாம் வழிந்தது. அதற்கப்புறம் நான் டிவியில் வானிலை பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. இப்போது கடலில் ஒரு புயல் உருவாகிறது, வரும் வாரம் சென்னைக்கு வராமல் வடக்கே போய் ஒடிசாவில் ஏறி உங்கள் பக்கம் வருமாம். டீக்கடையில் எல்லோரும் தப்பித்தோம் என்று வடை வாங்கித் தின்றார்கள். நான் மட்டும் எழுந்து வந்துவிட்டேன். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் சரோஜாதேவியிடம், இங்கேயே வந்து தொலையட்டுமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா பாய், புத்தி கெட்டுப்போச்சா? எம் புள்ளைங்க படகு கரைலதான கீது! உன் பொண்ணு மட்டும் பொண்ணா?" என்று ஏசினாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் வஞ்சிரத்தை நல்ல துண்டாகப் பார்த்துத்தான் போட்டாள்.

மகளே, மழை லீவு உனக்குத் தெரியாததா. மழை வரும் என்று முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிடுவார்கள், மறுநாள் சுள்ளென்று வெயில் அடிக்கும். தெருவே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். அடுத்த மழைக்கும் லீவு விடத்தான் செய்கிறார்கள். வெள்ளத்தில் தெருவெல்லாம் தண்ணீர் ஏறிய வருடம் அப்படித்தான் நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் என் பக்கத்தில் இருந்தீர்கள். உன் கருவியின் முள் எதைக் காட்டுகிறதோ அதை வாய்விட்டுச் சொல். சிரித்தால் சிரிக்கட்டும், மேலே நின்று சிரிக்கிறவன் உயிரோடிருக்கிறவன்.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கும் ஊறுகாய்க்கு எண்ணெய் மேலே நிற்க வேண்டும், ஈரக் கரண்டி போடாதே. கூட இருக்கும் சால்வை உன் அம்மாவுடையது, அவள் போனதிலிருந்து துவைக்காமல் வைத்திருந்தேன். புயல் கடந்த பிறகு ஒரே வார்த்தை, மேலே வந்துவிட்டேன் என்று அனுப்பு. அல்லாஹ் உன்னையும் உன்னுடன் இறங்குகிற எல்லோரையும் காக்கட்டும்.

உன் அத்தா,
ஷரீஃப்

அக்கா, இது நான். அத்தா தொழப் போயிருக்கிறார். அவர் போனில் வானிலையை உங்கள் ஊருக்கு மாற்றி வைக்கச் சொன்னார், மாற்றிக் கொடுத்தேன். இங்கே மழை என்பது இப்போதெல்லாம் அவருக்கு நனைந்த பிறகுதான் தெரிகிறது.
– தூபா