தாழ்ந்த கை ஜெயிக்கும் சுற்று

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் அதே கண்ணாடிக் கடையில்தான் லென்ஸ் பொருத்திக்கொண்டிருக்கிறேன். வீடும் அதேதான். மாடிப்படி விளக்கைத்தான் இன்னும் யாரும் மாற்றவில்லை.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் உன் அண்ணன் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். அதோடு, பேச ஆரம்பித்தால் நான் உடைந்துவிடுவேன். அதனால் கடையில் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவர் இப்போது சீட்டாட்டக் கிளப்புக்குப் போவதில்லை. கள்ள ஆட்டம் ஆடிப் பிடிபட்டார் என்று யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள். நடந்ததை என்னிடமிருந்து கேட்டுக்கொள்.

நீ ஊரை விட்டுப் போன பிறகு, கையில் ரெண்டே சீட்டு வைத்து ஆடுகிற ரெண்டு சீட்டுப் போக்கர் மேசை இங்கே படுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் பழகிய இளவட்டங்கள் வந்து உட்கார்ந்தார்கள், பழைய ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். உன்னைப் போல அந்த ஒன்றையே நம்பியிருந்த இரண்டு மூன்று பேர் வேறு வேலைக்குப் போனார்கள். உன் அண்ணன் அசரவில்லை. எல்லாப் போக்கர் ஆட்டமும் தெரிந்த மனுஷன் இல்லையா, கலவை மேசைக்கு மாறிக்கொண்டார். நீ அதில் உட்கார்ந்ததில்லை, பார்த்திருப்பாய். ஒரு சுற்று ஏழு சீட்டு, அடுத்த சுற்று நாலு சீட்டு, பிறகு தாழ்ந்த கை ஜெயிக்கிற ஆட்டம் என்று மாறிக்கொண்டே இருக்கும். எந்த ஆட்டம் நடக்கிறது என்று நடுவில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அந்த மேசைதான் எங்களுக்குச் சோறு போட்டது, மகளுக்குப் பீஸ் கட்டியது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நடந்ததைக் கிளப்பில் சீட்டுப் போடும் பெண்தான் எனக்குச் சொன்னாள். தாழ்ந்த கை ஜெயிக்கும் சுற்று. உன் அண்ணன் கடைசிவரை விடாமல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போய், மூன்று ராஜாவும் இரண்டு எட்டும் விரித்துக் காட்டினாராம். அந்தச் சுற்றில் அதைவிட மோசமான கை ஏது? மேசையே சிரித்திருக்கிறது. அவர் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்றே நினைத்தார்களாம். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவர் சிரித்தார் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு அதுதான் உறுத்தியது.

கண் மங்கிவிட்டது, பலகையைப் படிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் பிழைப்பு அப்படி, எதைக் கேட்டாலும் கண்ணில்தான் போய் நிற்பேன். கடைக்குக் கூட்டி வந்து கண் பரிசோதிக்கிறவரிடம் உட்கார வைத்தேன். கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தார். "இவருக்கு எதுக்குங்க கண்ணாடி? எனக்குத்தான் வேணும்" என்றார் பரிசோதிக்கிறவர். கண்ணில் கோளாறு இல்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்தது நாலு சீட்டு ஆட்டத்தில் நடந்தது. மேசையில் விரித்த பொதுச் சீட்டுகளோடு கையிலிருந்து இரண்டு சீட்டுதான் சேர்க்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. அவர் கையில் ஒரே ஒரு ஆட்டின் சீட்டை வைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த நான்கு ஆட்டினோடு சேர்த்து, ஐந்தும் ஒரே இனம் என்று பந்தயச் சில்லுகளை வாரி இழுத்திருக்கிறார். கூட ஆடிய மரக்கடைக்காரர் ஒருவர் கையைப் பிடித்துவிட்டார். உன் அண்ணன் கத்தியிருக்கிறார். நம் வீட்டில் யாரும் பேசாத வார்த்தைகள். கிளப்காரர் வந்து, "இத்தனை வருஷம் எல்லா ஆட்டமும் ஆடுறவருக்கு இது தெரியாதா?" என்று கேட்டாராம். தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவ்வளவு தெரிந்தவர் என்பதாலேயே திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நான் ஏமாத்தலடி. ஆட்டம்தான் கையை விட்டுப் போயிடுச்சு" என்றார்.

பிறகு நரம்பு மருத்துவரிடம் போனோம். கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டார், எண்களை எல்லாம் ஒரு பக்கமே அடுக்கி வைத்தார். மருத்துவர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். ஞாபகம் அழிகிற நோய், இந்த வயதில் வருவது அபூர்வம், வந்தால் வேகமாகப் போகும், நிறுத்த மருந்து இல்லை என்றார்.

அவரிடம் நான் ஒன்று கேட்டேன். மண்டைக்குள் இத்தனை ஆட்டத்தைப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்ததா, ஒன்றோடு நிறுத்தியிருந்தால் வந்திருக்காதா என்று. உன் பேச்சுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சண்டையன்று கிளப்பில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாயே, "அண்ணன் எல்லாத்துலயும் கால் வைப்பாரு, எதுலயும் முழுசா இறங்கமாட்டாரு" என்று. மருத்துவர் சிரிக்கவில்லை. ஒன்று ஆடினாலும் பத்து ஆடினாலும் இது வந்தே இருக்கும் என்றார்.

வீட்டில் சாயங்காலம் நான் அவரோடு சீட்டுப் போட்டுப் பார்க்கிறேன். முதலில் தாழ்ந்த கை போயிற்று, பிறகு நாலு சீட்டு. ஏழு சீட்டில் ஒரு நாள் சரியாக இருப்பார், மறுநாள் மலைத்துப்போய் என் முகத்தைப் பார்ப்பார். ஆடுவது ரெண்டு சீட்டு மட்டும்தான். உனக்கு அவர் சொல்லிக்கொடுத்ததும், நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டதும் அதுதானே. அதை ஆடும்போது மட்டும் பழைய மனுஷன் வந்து உட்கார்ந்துவிடுகிறார். என் கையைப் பார்க்காமலேயே என்ன வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறார். "தம்பி எங்கே, இன்னும் வரலையா?" என்று கேட்கிறார். கடைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். மறந்துவிட்டார் என்பதே உண்மை. உங்களுக்குள் நடந்த சண்டை அவர் மனசில் இல்லை. என் மனசில் இருக்கிறது, தம்பி. அதை வைத்துக்கொண்டேதான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

சீக்கிரம் கிளம்பி வா. போன வாரம் ரெண்டு சீட்டைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு என்ன பண்ணணும்?" என்றார். உடனே தெளிந்துவிட்டார். ஆனால் கேட்டுவிட்டார்.

வந்தால் மன்னிப்பு கேட்காதே. எதற்கு என்று அவருக்குப் புரியாது, நாள் முழுக்க அதையே யோசித்துத் தவிப்பார். எதிரில் உட்கார்ந்து சீட்டைக் கலை, போதும். விட்டுக்கொடுத்தும் ஆடாதே. வேண்டுமென்றே தோற்றால் அவருக்கு இன்னும் தெரிகிறது. நான் ஒரு தடவை செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்றை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. மருத்துவர் வீட்டு மனிதர்களைப் பற்றி விசாரித்தார். மாமா, உன் அப்பா, கடைசிக் காலத்தில் எங்களை எல்லாம் பேர் மாற்றிக் கூப்பிட்டதையும், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றதையும் சொன்னேன். குடிதான் காரணம் என்று அன்றைக்கு நாம் எல்லோரும் சொன்னோம். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு, இவருக்கு உடன்பிறந்தவர் உண்டா என்று கேட்டார். ஒரு தம்பி என்றேன். வயது கேட்டார். சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார். நீ வரும்போது உன்னையும் ஒரு நடை தன்னிடம் கூட்டி வரச் சொன்னார், அவ்வளவுதான்.

நீ பயப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. உன் வீட்டுக்காரியிடம் இப்போது சொல்ல வேண்டாம். ஊருக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு வா. வந்த பிறகு அவளோடு நான் பேசிக்கொள்கிறேன். இந்த வீட்டில் அதைப் பேசத் தெரிந்தவள் இப்போது நான்தான்.

நீயும் உன் வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்தபடியே நெடுநாள் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அண்ணி