ஒரு சஹன் சோறு

கோட்டைமேடு,
கோயம்புத்தூர்.

அன்பு மகள் ரம்ஷாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும், கண்ணு. உனக்கும் மாப்பிள்ளை அய்மனுக்கும் என் துஆ எப்போதும் உண்டு. இதற்கு அடுத்த வரியில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும். அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். உன்னோடு பேசும்போதெல்லாம் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உன் அம்மா என் பக்கத்திலேயேதானே இருக்கிறாள். மெசேஜ் போடலாம் என்று இரண்டு மூன்று தடவை தட்டித் தட்டி அழித்துவிட்டேன். நாலு வரி படித்ததும் நீ பதறிப்போய் அவளைத்தான் கூப்பிடுவாய். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கி வைத்திருக்கிறாள்.

இன்றைக்குச் சிங்காநல்லூர் பக்கம் முழுக்க மாதாந்திர மின்சார ஷட் டவுன். லேத் எல்லாம் நின்றுபோய், ஆட்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் நான் மட்டும் இருக்கிறேன். நாளை மறுநாள் எதிர்வீட்டு நஸ்ரியாவின் மகள் இல்மா டொராண்டோ திரும்புகிறாள். அவள் கொண்டுவரும் டப்பாவில் தம்ரூட் இனிப்புக்கு அடியில் இதைக் கவரில் சுற்றி வைத்துவிடுவேன். நெய்க்கறை பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன ஓவன் சும்மா இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். தேங்காய் பன், பால் பன், வெண்ணெய் ரொட்டி என்று நான் பாதி பேக்கரிக்காரனாகவே ஆகிவிட்டேன். பம்ப் ஷாஃப்ட் கடைந்த கை சும்மா இருக்குமா? மாவைத் தராசில் வைத்து நிறுத்துத்தான் உருட்டுவேன். ஒரு பன்னுக்கும் இன்னொரு பன்னுக்கும் குறுக்களவு மாறாது. ஒருநாள் வெர்னியரை எடுத்து அளந்துகொண்டிருந்தபோது உன் அம்மா பார்த்துவிட்டாள். "ஏனுங்க, இது பன்னுங்களா, பேரிங்குங்களா?" என்று கேட்டு, தெருவுக்கே சொல்லிச் சிரித்தாள். அவள் கறி வைப்பாள், நான் ரொட்டி சுடுவேன். நீ போன பிறகு வெறிச்சென்று கிடந்த வீட்டில் எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு, அதுதான் சண்டை, அதுதான் சந்தோஷம்.

நம் வீட்டுச் சஹன் உனக்குத் தெரியாததில்லை. கல்யாண விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைக்கும் அந்தப் பெரிய தட்டை மற்ற வீடுகளில் விசேஷத்துக்குத்தான் இறக்குவார்கள். உன் அம்மா சீரில் கொண்டுவந்த அதைப் பரணில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரைக்கும் நாங்கள் அதில்தான் சாப்பிடுகிறோம். நல்லி எலும்பை அவள் என் பக்கம் தள்ளுவாள். நான் அவள் பக்கம் தள்ளுவேன். நீ நடுவில் உட்கார்ந்து, நாங்கள் தள்ளி முடிப்பதற்குள் அதை எடுத்து வாயில் வைத்துவிடுவாய். நீ போன பிறகு அதை எடுக்க ஆளில்லாமல் அது பாட்டுக்கு இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.

ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கெடுதல் உண்டு, கண்ணு. தட்டு காலியானால் இரண்டு பேரும் சாப்பிட்டதாக ஆகிவிடும்.

நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே அவள் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ள ஆரம்பித்திருக்கிறாள். கறி, சோறு, என் பன்னில் அவளுக்குப் பிடித்த மேல் பக்கம், எல்லாமே. நானோ, வயசாக வயசாக இவளுக்கு என் மேல் ஆசை கூடிப்போச்சு என்று நினைத்துப் பூரித்துப்போய்த் தின்றேன். பெல்ட்டில் எனக்கு ஓட்டை பத்தவில்லை. புது ஓட்டை போட வேண்டி வந்தது. நோன்பு வந்ததும் சுத்தமாக ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. பகலெல்லாம் யாருமே சாப்பிடுவதில்லை, திறக்கும்போது கஞ்சி. கஞ்சி அவளுக்கு இறங்கியது. நோன்பில் எல்லோரும்தானே இளைப்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன். பெருநாளன்று பிரியாணியில் ஒரு வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள், விருந்தாளி வருகிற சத்தம் கேட்கிறது என்று எழுந்து போனாள். அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன். ருசியாக வேறு இருந்தது.

எனக்கு விஷயத்தைச் சொன்னது நிஜாமின் ஆட்டுக்கிடா. சிரிக்காதே. பின்வீட்டு நிஜாம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானி கொடுக்க ஒரு கிடாவை இப்போதே வாங்கிக் கட்டி வளர்க்கிறார். ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து, "சிக்கந்தர் பாய், இந்தக் கெடா கொழுத்ததுல பாதிப் புண்ணியம் உங்களுக்குத்தானுங்க. அக்கா தெனமும் பன்னு கொண்டாந்து போடறாங்கல்லங்க" என்றார். நானும் சிரித்தேன். பத்தடி நடந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. பன்னை மட்டுமா ஆட்டுக்குப் போடுகிறாள் என்று யோசித்தபடியே வீட்டுக்குள் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியபோது வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிப் போனது.

அன்றைக்கு மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். சஹனை எடுக்கவில்லை. இரண்டு சில்வர் தட்டு எடுத்து, இரண்டிலும் சோறு போட்டு, தால்ச்சா ஊற்றி, ஒன்றை அவள் முன்னால் வைத்தேன். வந்து பார்த்தவள் உட்காரவே இல்லை. "ஏனுங்க, என்னையத் தனியா வெச்சுப்போட்டீங்களே" என்றாள். சாப்பிடு, நான் பார்க்கிறேன் என்றேன். உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்தாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். திரும்பி வந்து, கொஞ்ச நாளாக இப்படித்தான் நெஞ்சில் நின்றுவிடுகிறது, வாயுவாக இருக்கும், நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றாள். நான் அவளைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். என் எதிரிலேயே உட்கார்ந்து பட்டினி கிடந்திருக்கிறாள், நான் அவள் சோற்றைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. எந்த மாதிரிக் கட்டி என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். அடுத்த வாரம் ரேடியேஷன், அதுதான் கரண்ட், வைக்கத் தொடங்குகிறார்கள். அதில் தொண்டை இன்னும் புண்ணாகுமாம், அதனால் வயிற்றில் ஒரு குழாய் போட்டு அதன் வழியாகத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்குமாம். பொண்ணு டிசம்பரில் வருகிறாள், அப்போது சொல்லிக்கொள்ளலாமா என்று டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். "பொண்ணை இப்பவே வரச் சொல்லுங்க" என்றார்.

உன் அம்மாவின் வாதம் வேறு. நீ புது வேலையில் சேர்ந்திருக்கிறாய், இப்போது லீவு எடுத்தால் டிசம்பரில் கிடைக்காது, டிசம்பரில் வந்தால் ஒரு மாசம் தங்குவாய், அந்த ஒரு மாசத்தைக் கெடுக்காதீர்கள் என்கிறாள். போன வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசினோமே, அப்போது அவள் முன்னால் சஹன் இருந்ததே, நினைவிருக்கிறதா? அது உனக்குக் காட்டுவதற்காக வைத்தது. அம்மா சூப்பரா ஸ்லிம் ஆயிட்டீங்க என்று நீ சொன்னாய். உன்மேல் தப்பில்லை, கண்ணு. அதைக் கேட்டு அவளுக்கு ஒரே பெருமை. நஸ்ரியாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் பட்டறைக்கு வந்து மெஷினை ஓடவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

இப்போதும் சஹனில்தான் உட்காருகிறோம். தனித் தட்டை இனி எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கஞ்சித் தெளிவை டம்ளரில் வைத்துக்கொண்டு அவள் இடத்தில் உட்காருவாள். அவள் பக்கத்திலும் சோறு வைத்தாக வேண்டும், வைக்காவிட்டால் கோபம் வருகிறது. பிறகு அதை விரலால் மெதுவாக என் பக்கம் தள்ளுவாள். நீங்க சாப்பிடுங்க, நான் பாக்கறேன் என்பாள். தள்ளுகிறதையெல்லாம் சாப்பிடுகிறேன். அவளுக்கு இறங்காத சோறு எனக்கும்தான் இறங்கவில்லை, ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன்னால் எனக்குச் சமையல் பாடம் நடக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துகொண்டு உன் அம்மா சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டும். அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளு ரசம், தால்ச்சா என்று வரிசையாக நடத்துகிறாள். பன் சுடத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரிய வேண்டாமா என்று விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தாள். முதல் நாளே, "ஒராளுக்கு அரை டம்ளர் அரிசி போதுங்க" என்றாள். ஒராளுக்கு. அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் ஒரு டம்ளர் நிறையத்தான் போடுகிறேன். உப்பைக் கூட்டுகிறேன். பருப்பை அடிப்பிடிக்க விடுகிறேன். "மயிரிழை வித்தியாசம் வந்தாலே ஷாஃப்டைத் தூக்கிப் போடறவரு, இதுல இப்படிச் செஞ்சுபோட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து என்கிறாள். வேண்டுமென்றேதான் கெடுக்கிறேன், ரம்ஷா. ஒழுங்காக ஒரு தடவை வைத்துக் காட்டிவிட்டால், இனி இவர் பார்த்துக்கொள்வார் என்று அவள் நிம்மதியாகிவிடுவாள். அந்த நிம்மதி அவளுக்கு வந்துவிடக் கூடாது. உப்புக் கரிக்கிற அந்த ரசத்தை நானே குடித்துத் தீர்க்கிறேன். எனக்கு இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

லீவு கிடைக்குமா, டிக்கெட் கிடைக்குமா என்பதெல்லாம் நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்ய வேண்டியது. நான் வா என்றும் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதில் பாதியை இந்தக் கடிதத்திலேயே உடைத்துவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நஸ்ரியா வீட்டில் எல்லோரும் வருகிறார்கள். நம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். சஹனில் உன் இடம் அப்படியே இருக்கிறது. அங்கே குளிரில் ஜாக்கிரதையாக இருங்கள். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளைக் கொடுத்து, கடைசிவரை ஒரே தட்டில் சேர்ந்து உண்ண வைக்கட்டும்.

டப்பாவில் இருக்கும் தம்ரூட்டை உன் அம்மாவே செய்தாள். ஓவனைத் திருப்பிவிட்டது மட்டும்தான் நான். ரவையை வறுக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கரண்டியைக் கேட்டால் தரவில்லை. இப்போது நாக்கெல்லாம் கசந்து கிடப்பதால் அவளுக்கு ருசி பிடிபடவில்லை. தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவையும் சீனியைப் போட்டாள். வெந்ததும் என்னைத் தின்னச் சொல்லி, சீனி சரியாயிருக்குதுங்களா என்று கேட்டாள். வாயில் வைக்க முடியாத தித்திப்பு. சரியாக இருக்கிறது என்றேன். டப்பா வந்து சேர்ந்ததும் உன்னைக் கூப்பிட்டு அதையேதான் கேட்பாள். போனில் பதில் சொல்லாதே, கண்ணு. இன்னும் பிரிக்கவில்லை என்று சொல்லிவிடு. இங்கே வந்து, சஹனில் உன் இடத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல், சீனி சரியாக இருந்தது என்று.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அத்தா சிக்கந்தர்