காலர் தைத்த மாரியம்மா

26-5-1961, வெள்ளி. சாத்தூர்.

சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மாதர் சபையில் நான் நடத்தும் தையல் வகுப்புக்கு வந்த முதல் ஆர்டரை இன்று முடித்துவிட்டோம். அத்தனையும் பள்ளிச் சட்டைகள். இன்று முடிக்கத் தவறியிருந்தால் ஆர்டர் டவுன் கடைக்குப் போயிருக்கும்.

ஆளுக்கொரு முழுச்சட்டை என்று கொடுத்திருந்தேன். முழுதாகத் தைக்க இன்னும் பலருக்குத் தெரியாததால் வேலை நகரவே இல்லை. இன்று காலையில் வகுப்பில் படிக்கும் மாரியம்மாதான் சொன்னாள்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு பெட்டிய ஒருத்தியா செய்யுதோம், டீச்சர்? அடுக்குறவ அடுக்குவா, ஒட்டுறவ ஒட்டுவா."

அப்படியே பிரித்தோம். ஒருத்தி கை, ஒருத்தி காஜா, மாரியம்மா காலர். சாயங்கால பஸ்ஸில் மூட்டை ஏறியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பஸ் போனதும் அவள் என்னிடம் வந்தாள். "அங்கன குச்சி மட்டும் அடுக்குனேன். இங்கன காலர் மட்டுந்தானா? முழுச்சட்டை எப்ப சொல்லித் தருவீக?"

திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆர்டரும் திங்கட்கிழமைதான் வருகிறது.