தூக்கக் கூடாது

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன் முடிவு வந்தது. ஈரலில் கொழுப்பாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதுவும் வருவது சகஜம்தான் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அவருக்கென்ன, சகஜம். "எடையக் குறைங்க, ஆனா மெதுவாக் குறைங்க. இப்படியே விட்டா ஈரல் சுருங்கிடும்." கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவனுக்குத் தொப்பை வராமல் வேறென்ன வரும்?

நான் படுத்துவிட்டால் பாப்பாவை யார் இறக்குவது? இருபத்தாறு வயதாகிறது, எனக்கு இன்னும் பாப்பாதான். பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. காலையில் மூன்று மாடி என் கையில் இறங்கி, கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் அதே கையில் ஏறுகிறாள். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்தான் லிஃப்ட்.

மார்ச் 5

பால், முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்தம். இரவுச் சாப்பாடும் கிடையாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஏழு கிலோ போய்விட்டது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கடையில் பில் போடுகிற அக்கா, "யாருக்காக சார் இந்த இளமை?" என்கிறார். மனைவி மட்டும் முறைக்கிறாள். "டாக்டர் மெதுவான்னாரே, காதுல விழலையா?" விழுந்தது. மெதுவாகச் செய்ய எனக்கு ஏது நேரம்?

மே 12

முதுகு வலி. தைலம் தேய்த்தேன். வலி யாருக்குத்தான் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் முதுகுக்குள் என்னமோ நறுக்கென்றது. கண் இருட்டியது. பாப்பாவை விட்டுவிடவில்லை — விடவில்லை — படியில் உட்கார வைத்தேன். "என்னப்பா?" "ஒண்ணுமில்ல, செருப்பு வழுக்கிருச்சு." மீதியையும் தூக்கிக்கொண்டுதான் இறங்கினேன். எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஜூன் 5, வியாழன்

முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருக்கிறது. விழவில்லை, அடிபடவில்லை, சும்மாவே நசுங்கியிருக்கிறது. டாக்டருக்குக் கோபம். "சர்க்கரை இருந்தா எலும்பு படத்துல நல்லாத்தான் தெரியும், உள்ளுக்குள்ள வலு இருக்காது. ஈரல்ல கொழுப்பும் சேர்ந்தா இன்னும் மோசம். இதுல நீங்க பட்டினி வேற கிடந்திருக்கீங்க. கொழுப்பு மட்டுமா கரையும்? சதையும் எலும்பும் சேர்ந்துதான் கரையும்." ஈரல் எப்படி என்றேன். கொஞ்சம் தேவலாம் என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

"வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. கீழ விழவே கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்லீங்க."

வெளியே வந்தபோது சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. யாருக்காக இளைச்சேன்? அவளுக்காகத்தானே? அவளையே தூக்க முடியாமப் பண்ணிக்கிட்டேனே. முட்டாள். முழு முட்டாள்.

ஜூன் 6

வீட்டில் சொல்லவில்லை. தூக்கினேன்.

ஜூன் 9, திங்கள்

படுக்கையிலிருந்து எழும்போது அலறிவிட்டேன். மனைவி பிடித்த பிடியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்கிட்ட சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்று கத்தினாள். பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன். பக்கத்து அறையில்தான் இருந்தாள் — அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். வழக்கம்போல் போய்க் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"என்னத் தொடாதீங்க."

ஜூன் 13

இந்த வாரம் முழுக்க பாப்பா வேலைக்குப் போகவில்லை. தரைத்தளத்து வீட்டுக்காரரிடம் வீடு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், மாடி ஏற மாட்டேன் என்றுவிட்டார். பேருந்து நிறுவனத்தில் பயணிகளின் புகார்களை ஃபோனில் கேட்கிற வேலை அவளுக்கு. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்கிறார்கள்.

"உட்கார்ந்தே இறங்கறேன். கை நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

கத்தினேன். "ஊரே பார்க்கும்மா!"

"பார்க்கட்டும். ஊரா வந்து தூக்கப் போகுது?"

பெத்த பிள்ளை தரையில தேய்ச்சுக்கிட்டுப் போறதப் பார்க்கவா உயிரோட இருக்கேன்? இதுக்கு அந்த ஈரலே என்னைக் கொண்டுபோயிருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

இறங்கினாள். தடித்த பேன்ட், கையுறை. கையை ஊன்றி ஒரு படி நகர்வாள், பிறகு இரண்டு கால்களையும் எடுத்து அடுத்த படியில் வைப்பாள். மனைவி அவளுக்கு முன்னால் இறங்கினாள். நான் பின்னால், எதற்கும் உதவாமல். முதல் மாடி அம்மா கதவைத் திறந்து பார்த்து "ஐயோ" என்றார். "குட்மார்னிங் அத்தை, அந்தச் செருப்பக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றாள் பாப்பா. அவரும் நகர்த்தினார். எனக்குக் கடைசித் திருப்பத்தைத் தாண்டி இறங்கக் கால் வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது அவள் முகமெல்லாம் வேர்வை. வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் கிளம்பவில்லை. அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னது போதும், இறங்குங்கப்பா. கைப்பிடியப் பிடிச்சுக்கோங்க. அவசரப்படாதீங்க, நான் இருக்கேன்."

பிடித்துக்கொண்டேன்.