ஒரு பல் தள்ளி

அன்பு மகளே,

நானும் அப்பாவும் நலம். வழக்கமாக எழுதும் வரி என்று தாண்டிப் போகாதே. இந்த முறை நிஜமாகவே நலம், முழங்கை வரை கிரீஸோடு நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நலமாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு முன்பல் ஆடுகிறது என்றாயே, விழுந்துவிட்டதா? நூல் கட்டிப் பிடுங்காதே. நாக்கால் அவளே தள்ளிக்கொள்ளட்டும், அவசரம் பல்லுக்கு இல்லை, உனக்குத்தான். இந்தச் செய்தியைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ பாதியில் குறுக்கே வருவாய். கடிதத்தில் வர முடியாது. உட்கார்ந்து படி.

நம் ஒப்பந்தம் உன் நினைவில் இருக்கும், போட்டவள் நீ. கை நடுக்கம் வந்து நான் பல் கிளினிக்கை மூடியதிலிருந்து வாரம் தவறாமல் கேட்டாய், வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று. அறையை ஒழித்து வைத்தாய். திரைச்சீலை வாங்கிப் படம் அனுப்பினாய். நல்ல நிறம். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜன்னல், இரண்டு கட்டில், மூலையில் ஒரு நாற்காலி. அன்பாகத்தான் செய்திருந்தாய். எனக்கு அது என் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறை மாதிரி இருந்தது. எதற்காகக் காத்திருப்பது என்பதுதான் தெரியவில்லை. அடுத்த வாரம் போய் வண்டியை வாங்கினேன். நீ கத்தினாய். அம்மா, உன் கையில டீ கப்பே நிக்க மாட்டேங்குது, நீ ஸ்பேனரைப் பிடிக்கப் போறியா, அதுவும் ஓடாத வண்டி, உனக்கென்ன பைத்தியமா என்று. கத்தி முடித்து நீயே சொன்னாய், சரி, மழை ஆரம்பிக்கறதுக்குள்ள அது தானா மெயின் ரோடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரட்டும், அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன், இல்லேன்னா அது பழைய இரும்புக் கடைக்கு, நீங்க ரெண்டு பேரும் இங்கே. நான் சரி என்றேன். அப்பா பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வண்டியைப் பற்றி நீ ஒழுங்காக ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கதவு நான்குதான், ஆனால் குடும்ப வண்டி இல்லை, ஸ்போர்ட்ஸ் செடான். முன்னால் ஜோடி ஜோடியாக நான்கு வட்ட விளக்குகள். வெளுத்த சிவப்பு. வெடித்த தோல் இருக்கைகள். நான் படிக்கும்போது எங்கள் கல்லூரி வாசலில் ஒரு பேராசிரியர் இதே ரக வண்டியில் வந்து இறங்குவார், அவர் முகம் எனக்கு நினைவில்லை. எனக்கு விற்றவர் கிளாரினெட் வாசிக்கிறவர். ரொம்ப வருஷமா இருமுது டாக்டரம்மா, நானும்தான் இருமறேன், எது முந்துதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கிளம்பும், இருமும், மேடு கண்டால் நின்றுவிடும். பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் பிரித்தார்களாம், மூடினார்களாம், இன்ஜின் ஆயுள் முடிந்தது என்றார்களாம். நான் பானட்டில் காதை வைத்துக் கேட்டேன். சாகிற மூச்சாகத் தெரியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரியாது. வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

ஷெட்டில் என் கிளினிக்கையே திரும்பத் திறந்துவிட்டோம். வளைகிற விளக்கு, கருவித் தட்டுகள், வாய் கொப்பளிக்கும் தொட்டி, அதில் இப்போது போல்ட்டுகள் ஊறுகின்றன. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அப்பா. மடியில் வண்டியின் கையேடு, காதில் பென்சில். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவர், சும்மா படிக்க வருமா? பக்கத்துக்குப் பக்கம் கமா போட்டார். முதல் நாள் பானட்டைத் தூக்கியதும் வண்டியிடம், வாயை நல்லாத் திறங்க, டாக்டர் வலிக்காமப் பண்ணுவாங்க என்றார். தெருமுனை மெக்கானிக்கை உனக்குத் தெரியும், நீ சைக்கிள் ஓட்டிய காலத்திலிருந்தே நாம் ஆகாது என்று பெயர் வைத்திருக்கும் அதே ஆள். எதைக் கேட்டாலும் முதலில் ஆகாது என்பார், பிறகு செய்துவிடுவார். இந்த வண்டியைப் பார்த்து இரண்டு தடவை ஆகாது என்றார். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

தப்பு நடந்தது இப்படி. இன்ஜினின் முன்பக்கம் கீழே ஒரு பல்சக்கரம், மேலே ஒரு பல்சக்கரம், இரண்டையும் சேர்த்து ஒரு சங்கிலி. இரண்டு சக்கரத்திலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் நிற்கும்படி சங்கிலியை மாட்டினால்தான் இன்ஜின் சரியான நேரத்தில் மூச்சு வாங்கி மூச்சு விடும். அந்தக் குறிகளை யாரோ எப்போதோ வெள்ளைப் பெயிண்டில் வைத்திருந்தார்கள். பழைய சங்கிலியைக் கழற்றிவிட்டேன். ஆகாது மறுநாள் புதியதோடு வருவதாக இருந்தார். எனக்கு அந்தப் பற்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. கரி, கசடு, அதன் மேல் வெள்ளையாக ஏதோ. பிரஷ்ஷை எடுத்தேன். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பல்லாக, உள்பக்கம், வெளிப்பக்கம், இடுக்கு. பளபளவென்று ஆனது. மகிழ்ச்சியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மறுநாள் ஆகாது குனிந்து பார்த்தார். குறி எங்கேம்மா என்றார். என்ன குறி என்றேன். அவர் நிமிரவே இல்லை, அங்கிருந்தே, இந்த வண்டிக்கு இருந்த ஒரே அடையாளத்தையும் பல்லு வெளக்கி விட்டுட்டீங்களே டாக்டரம்மா என்றார். பிறகு அந்த வார்த்தை. மூன்றாவது தடவை.

அன்றைக்குத்தான் நீ போன் செய்தாய். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாய். போகட்டும்மா, முயற்சி பண்ணினியே அதுவே போதும் என்றாய். மென்மையாகச் சொன்னாய். நீ கத்தியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்த மென்மையை என்னால் பொறுக்க முடியவில்லை. அது நான் நோயாளிகளிடம் பேசும் குரல், பல்லைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்த பிறகு பேசுவது. வெளியே வானம் மூட்டமாக இருந்தது. ஷெட்டுக்குப் போனேன்.

இன்ஜினுக்கும் முன் தகட்டுக்கும் நடுவே தலை நுழையாது. நேராகப் பார்க்கவே முடியாத இடம். கடைவாய்ப் பல்லின் பின்புறமும் அப்படித்தான். தட்டிலிருந்து என் சிறிய வட்டக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டேன். கை ஆடியது. கண்ணாடிக்குள் சக்கரம் ஆடியது, விளக்கு ஆடியது, எல்லாம் ஆடியது. அப்போது என் மோதிர விரல் தானாகப் போய் இன்ஜின் விளிம்பில் ஊன்றிக்கொண்டது. நாங்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அது, வேலை செய்யும் பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் விரலை ஊன்று, பிறகுதான் கருவி. விரல் ஊன்றியது. கை நின்றது. மகளே, நின்றது. பிடிமானம் இருந்தால் நிற்கிற கைதான் இது. எனக்கே தெரியாமல் போயிற்று. கண்ணாடியில் ஒரு பல்லின் அடியில் சின்னக் கறுப்புப் புள்ளி. சொத்தை என்று நினைத்தேன், சிரிக்காதே, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். வளைந்த ஊசியால் குத்திப் பார்த்தேன். சொத்தை என்றால் ஊசி சிக்கும், சிக்கவில்லை. அடி கெட்டியாக, வட்டமாக இருந்தது. தானாக விழுந்த குழி இல்லை, யாரோ அடித்த குழி. மேல் சக்கரத்திலும் ஒன்று. தொழிற்சாலையில் அடித்த அசல் குறிகள். இத்தனை காலம் கசடுக்கு அடியில் இருந்திருக்கின்றன. அப்பாவைக் கூப்பிட்டேன், கையேட்டின் படத்தில் சக்கரங்களில் புள்ளி இருக்கிறதா பாருங்கள் என்று. அவர் பக்கத்தைப் புரட்டினார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் ஒளித்தார். என்ன என்றேன். இருந்தது, மை தெறிச்சிருக்குன்னு நினைச்சு நான்தான் அடிச்சிட்டேன் என்றார். பென்சிலால். இரண்டையும். ஓரத்தில் நீக்குக் குறி வேறு. நான் தேய்த்து அழித்தேன், அவர் அடித்து அழித்தார். ஷெட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

மறுநாள் காலை ஆகாது வந்து கண்ணாடியில் பார்த்தார். ஒரு பல்லின் இடுக்கில் என் பிரஷ்ஷுக்குத் தப்பிய வெள்ளைப் பெயிண்ட் துணுக்கு ஒட்டியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். புள்ளி அங்கே இல்லை. ஒரு பல் தள்ளி இருந்தது. முதலில் பெயிண்ட் வைத்த ஆள் ஒரு பல் தவறி வைத்திருக்கிறார், பின்னால் வந்த எல்லாரும் அந்தப் பெயிண்டை நம்பி மாட்டியிருக்கிறார்கள். வண்டிக்கு வேறு நோயே இல்லை. புதுச் சங்கிலியைப் புள்ளிக்குப் புள்ளி மாட்டினோம். சாவியை நான்தான் திருப்பினேன். ஒரு தடவை. இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து எழும்பி ஒரே சீராக உறுமியது, தட்டில் இருந்த ஸ்பேனர்கள் எல்லாம் கூடவே அதிர்ந்தன. ஆகாது கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு, ஆகும் என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து முதல் தடவை கேட்கிறேன்.

மெயின் ரோட்டுக்குப் போனோம். பாலத்து மேட்டில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் மிதித்தேன். ஏறியது. ஏறியது என்பது சின்ன வார்த்தை, பாலமே கீழே இறங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. திரும்பி நம் தெருவுக்குள் நுழையும்போது வண்டியின் முன்கண்ணாடியில் முதல் சொட்டு. அடுத்தது. பிறகு கொட்டியது. வைப்பரை இன்னும் சரிசெய்யவில்லை. அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, டாக்டர், வாசல் வர்ற வரைக்கும் இது மழையில்லை, தூறல்தான், அவகிட்ட அப்படியே எழுது என்றார். எழுதிவிட்டேன். நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள், மழை வண்டியை முந்தவில்லை.

வீட்டை விற்கவில்லை. நீ வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதை நினைவில் வைத்துக்கொள். திரைச்சீலையைக் கழற்றிவிடாதே, அது நல்ல நிறம் என்று மேலே எழுதியது மனசோடுதான். மழை விட்டதும், வைப்பர் சரியானதும், அந்த அறைக்கு விருந்தாளிகளாக வருகிறோம். இரண்டு நாள் சாலை. நான்தான் ஓட்டுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் கோபத்தைக் குறை, சின்னவளுக்கு என் முத்தம். மூவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் இதைப் படித்தார். புள்ளி எதையும் அடித்துவிடக் கூடாது என்று பென்சிலை முன்னாலேயே வாங்கி வைத்துவிட்டேன்.

மறக்காதே: உங்கள் பார்க்கிங்கை அளந்து வை. இது நீளமான வண்டி. மாப்பிள்ளையின் கார் கொஞ்ச நாள் தெருவில் நிற்கட்டும்.

கறுத்த நகங்களோடு,
உன் அம்மா