விசில் வராத ஊர்

நவம்பர் 10, ஞாயிறு

இடது தோளைத் தூக்க முடியவில்லை. நேற்று ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் எண் போட்ட பலகையைத் தூக்கிவிட்டார்கள். வெளியே வா. மறுபடியும்.

பந்தை வாங்குவதற்காக முதுகைக் காட்டி நிற்கிறேன். பின்னாலிருந்து ஒருவன் லாரி மாதிரி வந்து மோதுகிறான். விழுகிறேன். நெதர்லாந்தில், எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் என்றால் உடனே விசில். இங்கே ரெஃப்ரி என்னைத் தாண்டி ஓடிக்கொண்டே, "எந்திரி தம்பி, ஒண்ணும் ஆகல" என்கிறார். நான் இரண்டு கையையும் விரித்தபடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் பந்து எங்கள் கோல் பக்கம் போய்விடுகிறது.

அதனால்தான் எனக்கு இங்கே 'காற்றாலை' என்று பெயர். வைத்தவன் எதிரணிக்காரன் இல்லை, எங்கள் கேப்டன் கானர். சாப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்தாலே கைகளைச் சுழற்றுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வேறென்ன செய்ய?

போன வருஷம் நெதர்லாந்து லீகிலேயே அதிக கோல் அடித்தவன் நான். ஸ்கெல்பி என்ற இந்த ஆங்கிலேயக் கிளப்புக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று. அதுவும் முழங்காலில் பட்டுத் தானாக உள்ளே போனது.

நவம்பர் 14

இன்று கூட்டத்தில் கையைத் தூக்கினேன்.

பயிற்சியாளர் ரெட்ஃபெர்ன் பலகையில் கோடு கோடாக இழுத்து விளக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "பாஸ், நடுவுல இவ்ளோ இடைவெளி விட்டா பந்து எனக்கு எப்படி வரும்? இது சரியா வராது." அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் பழைய கிளப்பில் இதெல்லாம் ஒரு பேச்சே இல்லை. கோல்கீப்பர் பேசுவான், உடுப்பு துவைக்கிறவர்கூட அபிப்பிராயம் சொல்வார், பயிற்சியாளர் கத்துவார், பிறகு எல்லாரும் காபி குடிக்கப் போவோம்.

இங்கே அறையே அடங்கிவிட்டது. யாரோ டீயைக் கலக்கிக்கொண்டிருந்த ஸ்பூன்கூட நின்றுவிட்டது. ரெட்ஃபெர்ன் சிரித்தார். "நல்ல யோசனை, வீபெ. மனசுல வச்சுக்கறேன்."

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து என் மனைவி மாரிட்டிடம் சொன்னேன். அவள் சோபாவில் விழுந்து சிரித்தாள்.

"அடப் பைத்தியமே! 'மனசுல வச்சுக்கறேன்'னா இந்த ஊர்ல 'வாய மூடு'ன்னு அர்த்தம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தபால் ஆபீஸ்ல எனக்கும் ஒருத்தி சொன்னா. அவ இன்னும் மனசுலயேதான் வச்சிருக்கா."

நவம்பர் 16

பெஞ்ச். தொண்ணூறு நிமிடமும். மாரிட் சொன்னது சரி.

நவம்பர் 18

என் கார் பழுது. கானர்தான் கொண்டுவந்து விட்டான். அவன் காருக்குள் நாய் வாடை, பழைய உருளைக்கிழங்கு வறுவல் வாடை. வழியெல்லாம் பாடம்.

"மச்சி, பாஸ்கிட்ட என்ன கேக்கணும்னாலும் பார்க்கிங்ல வச்சுக் கேளு. தனியா கேளு. அத்தன பேர் முன்னாடி கேட்டா அவர் என்ன சொல்லுவார்? 'ஆமாப்பா, நான் தப்பு'ன்னா?"

"ஆனா தப்புதானே?"

"தப்புதான்டா! அது எல்லாருக்கும் தெரியும்!"

இறங்கும்போது தோளில் ஓங்கி ஒரு குத்து. வலிக்கிற தோளில். அது அன்பா, வேறு எதாவதா? இவர்களிடம் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

நவம்பர் 27

மாரிட்டுக்கு இங்கே கால்நடை வைத்தியம் பார்க்கும் உரிமம் வந்துவிட்டது. மேற்கே மலையடிவாரத்தில் பண்ணைகளுக்குப் போகும் மாட்டு டாக்டர் ஒருவர் அவளைச் சேர்த்துக்கொண்டார். இன்று முதல் நாள். ரப்பர் பூட்ஸ் முழுக்கச் சாணி, தலைமுடியில் வைக்கோல். வாசலில் நின்றபடியே பேச ஆரம்பித்தாள். குளிக்கும்போதும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள். ஒரு கிழவர், ஒரு காளை, ஒரு வேலி. பாதி எனக்குப் புரியவில்லை.

அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். பட்டேன்தான். பிறகு ஏன் சாப்பிடாமல் கடற்கரைக்கு நடந்தேன்? அதே வடகடல்தான். அந்தக் கரையில் எங்கள் ஊர் ஹார்லிங்கன். இங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை, சாம்பல் நிறம்தான்.

டிசம்பர் 5

அங்கே எங்கள் ஊரில் இன்று பரிசு கொடுக்கும் பண்டிகை. அம்மா என் பெயரின் முதல் எழுத்தைச் சாக்லேட்டில் வாங்கி அனுப்பியிருந்தாள். தபாலில் நொறுங்கி வந்தது. தூளாகவே தின்றேன்.

போனில், "கால் கொஞ்சம் வலிக்குது, அதான் ஆட வைக்கல" என்றேன். அம்மாவிடம் ஏன் பொய் சொல்கிறேன்? அவள் நம்பவும் இல்லை. "சூடா ஒத்தடம் குடு" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 27

நேற்று ஆட்டம். நாளை மறுநாள் ஆட்டம். புத்தாண்டு அன்றும் ஆட்டம். இந்த நாட்டில் யாருமே ஓய்வெடுக்க மாட்டார்களா? பழைய கிளப்புக்காரர்கள் குளிர்கால விடுமுறையில் ஸ்பெயினில் இருக்கிறார்கள். நீச்சல் குளம், கறுப்புக் கண்ணாடி, 'எப்படிடா இருக்க?' என்று ஒரு செய்தி. பதில் போடவில்லை.

நேற்றுக் கடைசி இருபது நிமிடம் ரெட்ஃபெர்ன் என்னை இறக்கிவிட்டார். முதல் பந்துக்குத் தாவினேன். ஒரு முழங்கை வந்தது. வாயெல்லாம் ரத்தம். விசில் இல்லை. நான் கையை விரிக்கவில்லை என்று இப்போதுதான் நினைவு வருகிறது. விரிக்க நேரமில்லை, பந்து அதற்குள் மறுபடி என் பக்கம் வந்துவிட்டது.

தோற்றோம். கடைசியிலிருந்து மூன்றாவது இடம். மேல் பிரிவிலிருந்து இறங்கிவிடுவோம் என்று கடைக்காரர்கூடச் சொல்கிறார்.

ஜனவரி 8

ஏஜென்ட் போன் செய்தார். பழைய கிளப் என்னை இரவல் கேட்கிறதாம், சீசன் முடியும்வரை. ஸ்கெல்பிக்கும் ஆட்சேபணை இல்லையாம்.

"வீபெ, வீட்டுக்கு வா. பத்து கோல் அடி. எல்லாம் மறந்துரும்."

போனை வைத்த பிறகு சமையலறையில் மேலும் கீழும் நடந்தேன். சிரித்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு!

ஜனவரி 9

மாரிட் வர மாட்டாளாம்.

"நீ போ. எனக்கு மார்ச்ல ஆடுங்க குட்டி போடற சீசன். டாக்டருக்கு இடுப்பு முடியாது. அவர் என்னத்தான் நம்பியிருக்கார்."

"ஆட்டுக்குட்டிக்காகவா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள், குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வர்றப்ப நான் என் வேலைய விட்டுட்டு வந்தேன், வீபெ. 'பந்துக்காகவா?'ன்னு நான் கேட்டனா? அஞ்சு மாசம் இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து மழைய பாத்தேன். நீ ஒரு நாள் கேட்டியா, 'உனக்கு எப்படி இருக்கு'ன்னு? நீ வந்ததும் உன் தோள், உன் ரெஃப்ரி, உன் கானர். இப்பதான் எனக்குன்னு காலைல எந்திரிக்கிறதுக்கு ஒரு காரணம் வந்திருக்கு. அத விட்டுட்டு வான்னா எப்படி வருவேன்?"

 

ஜனவரி 10

பேசிக்கொள்ளவில்லை. உப்பு எங்கே என்றுகூட.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் அவளுக்கு அழைப்பு. கன்று ஈனச் சிரமப்படும் பசு. சாலையெல்லாம் பனி. நான் ஓட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

கொட்டகையில் மூலையில் நின்றேன். மாரிட் மேல்கோட்டைக் கழற்றிப் போட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். பண்ணைக்காரர் ஹாட்லி என்பவர் பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "யாரும்மா இது, உதவியாளா?" என்றார்.

"என் புருஷன். கால்பந்து ஆடறவர்."

"அப்படியா? பலசாலிதானே, கயித்தப் பிடிக்கச் சொல்லு."

பிடித்தேன். அவள் கன்றின் காலில் கயிற்றைக் கட்டி 'இழு' என்றபோது இழுத்தேன், 'நிறுத்து' என்றபோது நிறுத்தினேன். கன்று பொத்தென்று வைக்கோலில் விழுந்தது. கொஞ்ச நேரம் அசைவில்லை. மாரிட் அதன் மூக்கைத் துடைத்து, விலாவைத் தேய்த்து, ஃப்ரீஸ்லாந்து மொழியில் திட்டினாள். கன்று தும்மியது. ஹாட்லி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "மோசமில்ல" என்றார். மாரிட் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தை இந்த ஊரில் மாலை போட்டு ஊர்வலம் விடுகிற மாதிரி என்று எனக்கே தெரிந்திருந்தது.

அவளை இப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? இவளை நான் எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

திரும்பும் வழியில், "நான் போகல" என்றேன். "எனக்காகன்னா வேணாம்" என்றாள். "பின்னாடி ஒரு நாள் அதச் சொல்லிக் காட்டுவ."

"உனக்காகப் பாதி."

"மீதி?"

"இவனுங்ககிட்ட தோத்துட்டுப் போக மனசில்ல."

அதற்குத்தான் என் முழங்காலில் கை வைத்தாள்.

ஜனவரி 14

பார்க்கிங். மழை. ரெட்ஃபெர்ன் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"பாஸ், நான் போகல. ஏன் என்னை ஆட வைக்க மாட்டேங்கறீங்க?"

"உள்ள உக்காரு, நனையாத."

உட்கார்ந்தேன். தனியாக இருக்கும்போது மனிதர் வேறு மாதிரி. "கூட்டத்துல நீ சொன்ன இடைவெளி சரிதான். ஆனா அத யார் மூடறது? பந்து போயிட்டா நீ நின்னுடற. உன்னைத் தவிர எல்லாரும் ஓடறாங்க."

"நான் ஸ்ட்ரைக்கர்."

"தெரியும். எனக்கு வலது ஓரத்துக்கு ஆள் வேணும். முன்னால போகணும், பின்னால வரணும், நாள் பூரா. கோல் வந்தா வரும். செய்வியா?"

கோல் அடிக்கிறவனிடம் போய்க் காவல் வேலை பார்க்கிறாயா என்று கேட்கிறார்.  "செய்யறேன்" என்றேன். ஏன் சொன்னேன்? ஏஜென்ட் கேட்டால் என்னைக் கொன்றே போடுவார்.

பிப்ரவரி 1

ஓடி ஓடி வாந்தி எடுத்தேன், மைதானக் கோட்டோரத்திலேயே. கானர் தண்ணீர் பாட்டிலை எறிந்தான். "நல்லது. இன்னும் பத்து தடவ."

பிப்ரவரி 22

இதை எழுதியே ஆக வேண்டும்.

இன்று ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது. எங்களுக்குக் கிடைத்த கார்னர் கிக் வீணாகி, அவர்களுடைய ஆள் ஒருவன் பந்தோடு தனியாகப் பாய்கிறான். எதிரே எங்கள் கோல்கீப்பர் மட்டும். நான் அந்தக் கோடியிலிருந்து ஓடினேன். யோசிக்கவே இல்லை. ஈர மண்ணில் சறுக்கி, பந்தை மட்டும் தட்டி, அவனையும் சேர்த்துக் கவிழ்த்து, விளம்பரப் பலகையில் போய் மோதினேன்.

ஒரு சத்தம் வந்தது. கோல் விழுந்துவிட்டதோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். இல்லை. பார்வையாளர்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். எனக்காக! ஒரு பெரியவர் பலகைக்கு மேலே எட்டி, சிவந்த முகத்தோடு, என் தலையில் படபடவென்று அடித்தார். "அதான்டா! அதான்டா மகனே!"

போன வருஷம் அத்தனை கோல் அடித்தேன். ஒருவர்கூட இப்படிக் கத்தியதில்லை. அங்கே கை தட்டுவார்கள். அழகாகத்தான் தட்டுவார்கள்.

உடை மாற்றும் அறையில் கானர் கையைச் சுழற்றவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கால் உறையைக் கழற்றிக்கொண்டே, "விலா உடைஞ்சிருக்கா?" என்று கேட்டான்.

"தெரியல."

"இருக்கும்" என்றான். அவ்வளவுதான்.

உடையவில்லை. வெறும் வீக்கம். மாரிட் பசுவைத் தடவுகிற மாதிரியே தடவிப் பார்த்துச் சொன்னாள்.

மார்ச் 19

மாரிட்டைப் பார்ப்பதே அரிது. ஆட்டுக்குட்டிகள். நானே பட்டாணி சூப் வைத்தேன். அடிப் பிடித்தது. கானரும் அவன் மனைவி ஜோவும் வந்து, "மோசமில்ல, மோசமில்ல" என்று சொல்லிக்கொண்டே தின்றார்கள். ஜோ உண்மையிலேயே இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். இது எந்த 'மோசமில்ல' என்று தெரியவில்லை.

ஏப்ரல் 6

கோல் அடித்தேன். இங்கே மூன்றாவது; இரண்டாவதை எழுதக்கூட மறந்துவிட்டேன். ஆச்சரியம் — அதைவிட, அதற்கு முன்னால் பறித்த பந்துதான் மனதில் நிற்கிறது. நான் யாராகிக்கொண்டிருக்கிறேன்? பழைய காணொளிகளைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பையன் மெல்லிசாக, சுத்தமாக, மழையே படாதவன் மாதிரி ஆடுகிறான். பொறாமையாக இருந்தது. திரும்ப அவனாக ஆக முடியுமா? முடியாது என்றுதான் படுகிறது.

மே 25

கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தோம். கடைசி ஆட்டம், கோல் இல்லாத டிரா. அது போதுமாக இருந்தது. கானர் புல்லில் குப்புறப் படுத்து அழுதான். யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

ஜூன் 18, ஹார்லிங்கன்

அம்மாவின் பிறந்தநாள். எல்லாரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவரையொருவர் வாழ்த்தி, காபி குடித்தாயிற்று. சீப்கே மாமா கேட்டார்:

"எத்தன கோல்டா இந்த வருஷம்?"

"மூணு."

"முப்பதா?"

"மூணு மாமா."

 அத்தை சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். நான் வலது ஓரத்தைப் பற்றி, பின்னால் ஓடி வருவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மாமாவின் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. "பழைய கிளப்ல இன்னும் உனக்கு இடம் வச்சிருக்காங்களாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அப்போது போன் அதிர்ந்தது. அடுத்த சீசனின் ஆட்ட அட்டவணை வந்துவிட்டது. முதல் ஆட்டமே வெளியூரில், போன சீசனில் எங்களை நசுக்கிய அணியோடு. மாரிட்டிடம் நீட்டினேன். அவள் தன் போனை நீட்டினாள், ஹாட்லியின் பசு ஒன்று நொண்டுகிறதாம். இருவரும் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, பயிற்சி சீக்கிரமே ஆரம்பிக்குது. நாங்க வர்ற ஞாயித்துக்கிழமையே வீட்டுக்குப் போயிடறோம்."

அம்மா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"எந்த வீட்டுக்கு?"

மாமா சிரித்தார். அத்தையும். எனக்கு முகம் சூடானது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாரிட் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அம்மா ஒரு துண்டை வெட்டி என் தட்டில் வைத்தாள். பிறகு மீதிக் கேக்கைப் பார்த்தாள்.

"இதுல பாதிய கட்டித் தர்றேன்" என்றாள். "அங்க உன்கூட ஆடறானே, உன் கேப்டன், அந்தத் தடியன் — அவனுக்கும் குடு."